பழைய பின்பால் மெஷின் மக்கர் செய்கிறதா? கோளாறு வாரியாகப் பார்த்துவிடலாம்

சிகாகோ பக்கம் குடியிருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் பின்பால் மெஷின்தான்; கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை அடித்து ஸ்கோர் ஏற்றுகிற அந்த விளையாட்டுப் பெட்டி. அதைத் தயாரித்த வில்லியம்ஸ், பாலி, காட்லீப் எல்லாமே இந்த ஊர்க் கம்பெனிகளாக இருந்தவை. யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மெஷின் தூசி படிந்து கிடக்கும். வீடு மாறும்போது, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் அதை மாடிப்படியில் ஏற்ற ஆளில்லாமல் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் வாங்கியது 1992-ல் தயாரான மெஷின். அதற்குப் பிறகு நண்பர்கள் வாங்கியவற்றையும் திறந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது: வருகிற கோளாறுகள் ஏழெட்டுதான். அவையே திரும்பத் திரும்ப வரும்.

முதல் ஆறு மாதத்தில் நான் செய்த தவறு, எது கெட்டாலும் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டியது. புதுசாக ஒரு போர்டே வாங்கினேன். கடைசியில் பார்த்தால் ஒரு கனெக்டர் லூசாக இருந்தது. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசே செலவாகாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

நான் சொல்வதெல்லாம் 1990 முதல் 1999 வரை வில்லியம்ஸ், பாலி பெயர்களில் வந்த டபிள்யூபிசி (வில்லியம்ஸ் பின்பால் கன்ட்ரோலர் என்ற கம்ப்யூட்டர் போர்டு அமைப்பு) வகை மெஷின்களுக்கு. அதற்கு முந்தையவற்றுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

## திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டிக்குள் பவர் வரும் இடத்தில் 120 வோல்ட் இருக்கும். ஃபிளிப்பர்களை (பந்தை அடிக்கும் கைகளை) இயக்கும் காயில்களுக்கு, அதாவது மின்காந்தச் சுருள்களுக்கு, போவது 70 வோல்ட் அளவுக்கு டிசி. தொட்டால் மறக்க மாட்டீர்கள்.

முன்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் நெம்புகோலை நகர்த்தினால் குறுக்குப்பட்டை கழன்று வரும். அப்புறம் கண்ணாடியை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். அதை சிமென்ட் தரையில் மூலை படும்படி மட்டும் நிறுத்தாதீர்கள். டெம்பர்டு கண்ணாடி, மூலையில் ஒரு தட்டு பட்டால் மொத்தமும் கற்கண்டாக நொறுங்கிவிடும். கம்பளத்தில் சாய்த்து வையுங்கள். ஆடுபலகையைத் தூக்கும் முன் பந்துகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை உருண்டு வந்து எதையாவது உடைக்கும்.

எதைக் கழற்றினாலும் முதலில் செல்போனில் ஒரு படம்.

## பந்து மந்தமாக ஓடுகிறது, பலகை கறுத்துக் கிடக்கிறது

பலகை கிடைமட்டமாக இருக்கிறதா? முதலில் கால்களைப் பாருங்கள். பின்பால் பலகை சுமார் 6.5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். செல்போனில் இருக்கும் சாய்வுமானியைப் பலகை மேலேயே வைத்துப் பாருங்கள், பெட்டியின் மேல் அல்ல. இடவலச் சாய்வு இருக்கவே கூடாது. பின்கால் திருகுகளை நாலு சுற்று ஏற்றியதிலேயே "புது மெஷின் மாதிரி இருக்கே" என்று சொன்னவர்கள் உண்டு.

சாய்வு சரி, அழுக்குதான் என்றால்: அந்தக் கறுப்பு பெரும்பாலும் காயில்களிலிருந்தும் பந்திலிருந்தும் உதிரும் உலோகத் தூளும், பழைய மெழுகும், ரப்பர் துகளும். தண்ணீர் வேண்டாம், பலகை மரம், பெயின்ட் ஊறிப் புடைக்கும். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற அம்மோனியா திரவமும் வேண்டாம்.

முதலில் தூசி உறிஞ்சி. பிறகு ரப்பர் வளையங்களையும் பிளாஸ்டிக் தகடுகளையும் கழற்றி, ஒவ்வொரு பகுதியின் திருகுகளையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். நாப்தாவை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள். சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற திரவம் அதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. துணியைப் பார்த்தாலே வாந்தி வருகிற மாதிரி கறுப்பு வரும். அதற்குப் பிறகும் பந்து ஓடிய தடங்கள் சுழிசுழியாகத் தெரிந்தால் நோவஸ் 2 பாலிஷை வட்டமாகத் தேயுங்கள். கடைசியில் கார்னாபா மெழுகு ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் துடைத்தெடுங்கள்.

வெள்ளை மெலமின் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தேய்ப்பது வேகமான வழி. அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும். கடினமான கிளியர் பூச்சு உள்ள பலகையில், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பூச்சு தேய்ந்து மரம் தெரிகிற இடத்திலோ, பூச்சில்லாத பழைய பலகையிலோ வைத்தால் படமே போய்விடும்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், பந்து வழுக்கட்டும் என்று கேரம் போர்டுக்குப் போடுகிற மாதிரி முகப்பவுடரைத் தூவிவிட்டார். ஒவ்வொரு துளையிலிருந்தும் பவுடரை எடுக்க இரண்டு வார இறுதி ஆனது. அவரை ஒன்றும் சொல்ல முடியாது, வழுக்கத்தான் செய்தது.

பலகை பளபளக்கிறது, பந்து இன்னும் மந்தம்: பந்தைக் கையில் எடுத்து விரல் நகத்தால் தடவுங்கள். புள்ளி விழுந்து சொரசொரத்தால் மாற்றுங்கள். 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகுப் பந்து, விலை ஒன்றும் பெரிதில்லை. கீறல் விழுந்த பந்து பலகையை அரம் போல அறுக்கும். பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா? காந்தம் ஏறிவிட்டது. அவையும் போகவேண்டியவைதான்.

படத்துக்குள் மரம் வரை தேய்ந்திருந்தால், பெயின்ட் தொட்டு கிளியர் அடிக்கும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

## ஃபிளிப்பர் தொய்கிறது

பத்துக்கு ஏழு பேர் இதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பந்து சாய்தளத்தின் பாதிவரை ஏறித் திரும்பி வந்துவிடும். உடனே கடைக்குப் போய் புதுக் காயில் வாங்கி வருவார்கள். காயில் கெட்டு நான் பார்த்தது அபூர்வம்.

ஒரு பக்கம் மட்டும் தொய்கிறதா? பிளக்கைப் பிடுங்கி, ஃபிளிப்பரைக் கையால் தூக்கி விடுங்கள். சொத்தென்று விழ வேண்டும். எங்காவது உரசிக்கொண்டு மெல்ல இறங்கினால் மின்சாரத்தில் தேடாதீர்கள், கோளாறு அசைவில்தான் இருக்கிறது. ஃபிளிப்பரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் ஃபிளிப்பர் தன் தண்டு சுழலும் நைலான் புஷ்ஷை (குழலை) இறுக்கிப் பிடித்திருக்கிறது. கீழே ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தி, இடைவெளி விட்டு மறுபடி இறுக்குங்கள்.

ஃபிளிப்பர் தாராளமாக அசைகிறது, ஆனாலும் பலமில்லை என்றால் பலகையைத் தூக்குங்கள். காயிலின் ஒரு முனையில் ஒரு இரும்புத் தகட்டுத் தாங்கி இருக்கும்; ஒவ்வொரு அடிக்கும் உலக்கை, அதாவது காயில் உள்ளே இழுக்கும் இரும்புத் தண்டு, போய் முட்டுவது அதில்தான். அதை இரண்டு திருகு பிடித்திருக்கும். நான் பிரித்த ஒரு மெஷினில் ஒரு திருகு காணவே இல்லை, மற்றது விரலாலேயே சுழன்றது. இறுக்கியதும் சரியாகிவிட்டது, பத்து நிமிட வேலை.

தாங்கி உறுதியாக இருந்தால் அதைக் கழற்றி உலக்கையை உருவுங்கள். உலக்கையின் நுனி காளான் குடை மாதிரி விரிந்திருக்கும். முப்பது வருஷம் இரும்பில் இரும்பு மோதினால் அப்படித்தான் ஆகும். அந்தக் குடை காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாயை உராய்ந்து கறுப்புத் தூளாக்கியிருக்கும். உள்ளே விரலை விட்டால் பென்சில் கரி மாதிரி ஒட்டும். குழாய், உலக்கை, அதோடு சேர்ந்த இணைப்பு, தாங்கி எல்லாம் சேர்த்து ஒரே பையில் விற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபக்கம் தொய்வது போலத் தோன்றும்.

எண்ணெய் போடாதீர்கள். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இந்தக் குழாய் உலர்ந்தே ஓட வேண்டியது. எண்ணெய் பட்டால் கரித்தூளோடு சேர்ந்து பசையாகி இன்னும் மோசமாகும். வாங்கியபோதே என் மெஷினில் யாரோ அடித்திருந்தார்கள். அதைச் சுரண்ட எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

அசைவு எல்லாம் சரி, இன்னும் தொய்வு: இப்போது ஃபிளிப்பர் முழுதாக எழும்போது தொடப்படும் சிறு சுவிட்சைப் பாருங்கள். இதற்கு எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் என்று பெயர். இங்கேதான் நிறைய பேர் கெடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் இரண்டு வகை உண்டு.

1992-க்கு முந்தைய மெஷின்களில் இது சும்மா இருக்கும்போது மூடியிருக்கும். ஃபிளிப்பர் எழுந்ததும் சுமார் மூன்று மில்லிமீட்டர் திறக்க வேண்டும். முழு மின்சாரமும் இது வழியாகத்தான் போகிறது. முனை கருகியிருந்தால் பலம் குறையும். சின்ன அரத்தால் ராவிச் சுத்தம் செய்யலாம். திறக்கவே மாட்டேன் என்கிறதென்றால் காயில் சூடேறிப் புகையும், உடனே சரிசெய்யுங்கள்.

ஃபிளிப்பர்களைத் தனியாக இயக்கும் ஃபிளிப்டிரானிக் போர்டு உள்ள, 1992 முதல் வந்தவற்றில் தலைகீழ். சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், எழுந்ததும் மூடும். முனையில் தங்கப்பூச்சு. அரம் பட்டால் அந்தப் பூச்சு போச்சு. விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கும் நடுவே வைத்து, மெல்ல அழுத்தி உருவினால் போதும். கார்டில் கறுப்புக் கோடு விழும். அது நிற்கிற வரைக்கும் உருவுங்கள்.

பழையவற்றில் பெட்டியின் பக்கத்துப் பொத்தான் சுவிட்சின் முனையையும் அரத்தால் ராவலாம். பிந்தையவற்றில் அங்கே பெரும்பாலும் கதிர் பட்டு இயங்கும் ஆப்டோ சுவிட்ச்தான் இருக்கும், அதைப் பற்றிக் கீழே.

ஆட ஆட, சூடானதும் தொய்கிறதா? காயில் சூடானால் கொஞ்சம் பலம் குறைவது இயல்பு. அரைமணி நேரத்தில் ஆடவே முடியாத அளவுக்குக் குறைந்தால் மேலே சொன்ன உலக்கை, குழாய் கதைதான்.

இரண்டுமே செத்துவிட்டதா? முன்கதவு திறந்திருக்கிறதா பாருங்கள். பல மெஷின்களில் கதவைத் திறந்தால் உயர் வோல்டேஜ் துண்டிக்கப்படும். கதவருகே இருக்கும் வெள்ளை உலக்கை சுவிட்சை இழுத்து நிறுத்தினால் சோதனைக்கு மின்சாரம் வரும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன் நானே. கதவில் இல்லையென்றால் ஃபியூஸ். ஃபியூஸைத் தாங்கியிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். போனதற்குப் பதில் அதே ஆம்பியர், அதே வகை மட்டுமே. புதிது போட்டவுடன் மறுபடி போனால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது.

## ஃபிளிப்பரை அடித்ததும் மெஷின் அணைந்து மறுபடி எழுகிறது

டபிள்யூபிசி வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி, 5 வோல்ட் போதாமல் கம்ப்யூட்டர் போர்டு புதிதாகத் தொடங்குகிறது.

முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். அதே மின்சுற்றில் குளிர்சாதனப் பெட்டியோ ஹீட்டரோ ஓடுகிறதா பாருங்கள். சரியாகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, தலைப்பெட்டியைத் திறந்து, டிரான்ஸ்பார்மரிலிருந்து பவர் போர்டுக்கு வரும் கனெக்டரையும், பவர் போர்டிலிருந்து சிபியு (கம்ப்யூட்டர்) போர்டுக்குப் போகும் கனெக்டரையும் கழற்றி மறுபடி செருகுங்கள். நான் வாங்கி வீணாக்கிய போர்டின் கதை இந்தக் கனெக்டர்தான்.

செருகியதும் இரண்டு நாள் ஓடி மறுபடி வந்தால் கனெக்டர் ஊசிகளே களைத்துவிட்டன, மாற்ற வேண்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் மல்டிமீட்டரை டிசியில் வைத்து, போர்டில் குறித்திருக்கும் 5 வோல்ட் சோதனைப் புள்ளியில் பாருங்கள். 4.9-க்குக் கீழே காட்டினால், பழைய டபிள்யூபிசி பவர் போர்டில் ஏசியை டிசியாக்கும் பிஆர்2 என்ற பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், சி5 என்ற 15,000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் முதல் சந்தேகப் பட்டியலில் வரும். இரண்டும் மலிவு. ஆனால் போர்டிலிருந்து பிடுங்கும்போது சால்டரிங் பழக்கம் இல்லாதவர் செப்புத் தடத்தையும் சேர்த்துக் கிழித்துவிடுவார். இதற்கு முன் இருபது இணைப்பாவது பற்றவைத்திருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் போர்டைக் கழற்றி ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

## பந்து பட்டும் ஸ்கோர் ஏறவில்லை

திரையில் கிரெடிட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிகிறதா? தூசியென்று நினைத்துத் திரையைத் துடைக்காதீர்கள். ஏதோ ஒரு சுவிட்ச் நெடுநேரமாகத் தொடப்படவில்லை என்று மெஷின் சொல்கிறது. கதவுக்குள் இருக்கும் பொத்தான்களால் டெஸ்ட் மெனுவுக்குப் போய், சுவிட்ச் எட்ஜஸ் என்பதைத் திறந்து, சந்தேகப்பட்ட இலக்கைக் கையால் தட்டுங்கள்.

ஒரே ஒரு சுவிட்ச்: தகடு வளைந்திருக்கும், அல்லது அழுக்கு. விசிட்டிங் கார்டை மறுபடி எடுங்கள். இல்லையென்றால் கீழே பற்றவைத்த ஒயர் விட்டிருக்கும், அல்லது சின்ன டையோடின் கால் முறிந்திருக்கும்.

கதிர் பட்டு இயங்கும் ஆப்டோ சுவிட்ச்: பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அனுப்பும் பக்கம் எரிகிறதா என்பதைப் பெரும்பாலான செல்போன் கேமராவில் பார்த்தாலே மங்கலான ஊதா ஒளியாகத் தெரியும்.

ஒரு வரிசை முழுக்க, எட்டும் சேர்ந்து: சுவிட்சுகள் எட்டுக்கு எட்டு அடுக்காகப் பின்னப்பட்டவை. ஒன்றில் பிழை இருந்தால் எட்டாகத் தெரியும். ஒயர் எங்காவது உரசி மற்றொன்றைத் தொட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சிபியு போர்டில் இருக்கும் மூன்று ஏஏ பேட்டரியைப் பாருங்கள்.

அந்த பேட்டரிகள் கசிந்திருந்தால் பக்கத்தில் பச்சை பூத்திருக்கும், உப்புப் பொரிந்தது போல. கசிவு அதிகம் கெடுப்பது சுவிட்ச் பகுதியைத்தான். பழைய மெஷின் வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலையே, அதை ஓட்டிப் பார்க்கும் முன், பேட்டரியை உருவி எறிவது. அமைப்புகள் அழியும், "ஃபேக்டரி செட்டிங்ஸ்" என்று கத்தும், கத்தட்டும். வெளியே தொங்கும் தனி பேட்டரிப் பெட்டி அல்லது பேட்டரியே வேண்டாத நினைவகச் சிப் போட்டுக்கொள்ளலாம். பச்சை லேசாக இருந்தால் போர்டைக் கழற்றி, வெள்ளை வினிகரில் பல்துலக்கும் பிரஷ் நனைத்துத் தேய்த்து, ஆல்கஹாலால் கழுவி முழுதாக உலர விடுங்கள். தடங்கள் கறுத்துப் போயிருந்தால் அனுபவசாலிக்கு.

## ஒரு காயில் அடிக்கவில்லை, அல்லது விடாமல் இழுத்து நிற்கிறது

அடிக்கவில்லை: அதிர்வில் ஒயர் பற்றவைத்த இடம் விட்டிருக்கும். பாதிக்கு மேல் அதுதான். கண்ணாலேயே தெரியும். பவர் இல்லாமல் காயிலின் ஓமை அளந்து பாருங்கள். நாலு முதல் பதினைந்து வரை சாதாரணம், இரண்டுக்குக் கீழே போனால் உள்ளே எரிந்துவிட்டது.

இழுத்தே நிற்கிறது, சூடான வார்னிஷ் வாசம்: யோசிக்காமல் பவரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். சில நொடிகளில் காயில் எரியும். பவர் போட்டவுடனே இழுத்தால், அதை இயக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது. புதுக் காயில் மட்டும் போட்டால் அதுவும் எரியும். டிரான்சிஸ்டரை மாற்றி, பக்கத்துச் சிறு டிரான்சிஸ்டரையும் சோதிக்க வேண்டும். சால்டரிங் வராதவருக்கு இது போர்டு ரிப்பேர் வேலை.

## விளக்குகள் பாதி அணைந்திருக்கின்றன

ஒரு பல்பு என்றால் மாற்றுங்கள், அல்லது தாங்கியைத் துடையுங்கள். ஒரு பகுதி முழுக்க என்றால் பவர் போர்டின் பொது விளக்குக் கனெக்டரைப் பாருங்கள். பிளாஸ்டிக் காபி நிறத்தில் கருகியிருக்கும். சுத்தம் செய்து மீண்டும் செருகுவது சில வாரத்துக்குத்தான் தாங்கும். கனெக்டரின் இரண்டு பாதியையும் மாற்றுவதே முறை. 44 எண் பல்பு இருந்தால் 47 அல்லது எல்இடி போடுங்கள், சுமை குறையும்.

## திரையில் கோடு விழுகிறது, மங்கலாகிறது

பின்பக்க ரிப்பன் கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், பவர் இல்லாமல். பயனில்லையென்றால் நீங்களாகத் தொடாதீர்கள். பிளாஸ்மா திரைக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் போகிறது. பழைய வாயுத் திரைகள் ஆயுள் முடிந்து மங்குவதும் உண்டு. அப்போது எல்இடி திரை வாங்கி அதே கேபிளில் மாட்டுவதே பலர் செய்வது.

போர்டு ரிப்பேருக்குத் தபாலில் அனுப்புவதென்றால் மொத்த மெஷினைத் தூக்க வேண்டாம். கனெக்டர்களுக்கு லேபிள் ஒட்டி, படம் எடுத்து, போர்டை மட்டும் ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டு அனுப்பலாம். கூடவே ஒரு தாளில் எந்த மெஷின், என்ன நடக்கிறது, நீங்கள் என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். பேட்டரியைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.